ரோண்டாவின் டயரில் அப்பிய சேறு

ஆஸ்திரேலியப் பாலையில் இருக்கும் எங்கள் உல்கூமாவில் ஏழு மாதமாக மழை இல்லை. ஆனாலும் ரோண்டா பிளைட்டின் ஃபோர்வீல் டிரைவில் நாலு டயரிலும் செஞ்சேறு அப்பியிருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்; அவள் வாய் அப்படி.

ஊரின் ஒரே டயர் கடை அவளுடையது. வயது அறுபத்திரண்டு. இரண்டு கல்யாணம். ஒரு புருஷன் பெர்த்துக்கு ஓடினான், இன்னொருவன் கல்லறைக்குப் போனான். இருவரில் யார் புத்திசாலி என்ற விவாதம் மதுக்கடையில் இன்னும் முடியவில்லை.

டயர் விஷயத்தில் மட்டும் விவாதமே கிடையாது. எங்கள் பக்கத்துத் தடங்களில் கல் ஒவ்வொன்றும் தீட்டிவைத்ததுபோல் இருக்கும். லைட் டிரக் டயருக்குப் பக்கச்சுவர் தடிமன். கல் கிழிக்காது, பாரமும் தாங்கும். கார் டயர் மெத்தென்று ஓடும், ஆனால் பக்கவாட்டில் ஒரு கல் பட்டால் கதை முடிந்தது. “மெத்துனு வேணும்னா போய் சோஃபா வாங்கு” என்பாள் ரோண்டா. முப்பது வருடமாக அதுதான் சட்டம்.

போன ஈஸ்டரில் மதுக்கடைக்கார மெர்வின் கூம்ப் அந்தச் சட்டத்தை மீறினான். அடிலெய்டிலிருந்து நாலு கார் டயர் வரவழைத்து மாட்டிக்கொண்டான். அவன் கடையிலேயே, அவன் ஊற்றிக்கொடுத்த பியரைக் குடித்துக்கொண்டே, ஊர் முன்னால் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டாள்.

“யோவ், இது என்ன, கொழந்தைய வெச்சுத் தள்ளுற வண்டியா? உன் குண்டிக்குத் தொட்டில் கட்டி ஆட்டிக்கிறியாக்கும்?”

“அதுக்கு ஒரு காரணம் இருக்கு ரோண்டா...”

“இருக்கும், இருக்கும். சோம்பேறிக்கு ஆயிரம் காரணம்!”

கடையே குலுங்கிச் சிரித்தது. மெர்வின் காது சிவக்க கண்ணாடித் தம்ளர்களைத் துடைக்கப் போய்விட்டான். மறுவாரம் சத்தமில்லாமல் வந்து, அவளிடமே ஒரு லைட் டிரக் டயர் வாங்கி, ஸ்டெப்னியாகப் பின்னால் மாட்டிக்கொண்டான், திருஷ்டிப் பூசணி மாதிரி.

இரண்டு மாதம் கழித்து ரோண்டாவுக்கு மூலம் வந்தது.

லைட் டிரக் டயரில், அலையலையாக நெளிந்த மண்சாலையில், மூலத்தோடு நாற்பது கிலோமீட்டர். அதைப் பற்றி மேலே சொல்ல வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக் கதவைச் சாத்திவிட்டு, தன் வண்டிக்கு நாலு கார் டயர் மாட்டினாள். ஸ்டெப்னியும் அதே. லைட் டிரக் டயர் என்றால் பக்கச்சுவரில் எல்டி என்று எழுத்து இருக்கும், இவற்றில் இல்லை. அதனால் வாராவாரம் வாளியில் மண்ணைக் குழைத்துப் பூசினாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் உட்கார முடிந்தது.

குதிரைப் பந்தய நாள் வந்தது. எண்பது கிலோமீட்டரில் ஒரு பண்ணை, ஊரே போகும். ரோண்டா எல்லோருக்கும் முன்னால் கிளம்பினாள். பாதி வழியில் ஒரு கல் பின்டயரைக் கிழித்தது. ஸ்டெப்னியை மாட்டினாள். அடுத்த பத்தாவது கிலோமீட்டரில் இன்னொரு கல், இன்னொரு டயர்.

இறங்கிப் பார்த்தாள். சேறெல்லாம் உதிர்ந்து டயர்கள் பளிச்சென்று இருந்தன. இன்னும் சற்று நேரத்தில் ஊரே இந்த வழியாக வரும். முப்பது வருட வாய்க்கு இன்றோடு சங்கு. குடிதண்ணீர் கேன் இருந்தது, ஆனால் இந்தப் பாலையில் அதைக் கொட்டுகிறவள் செத்தாலும் முட்டாளாகத்தான் சாவாள். ஆகவே பந்தயத்துக்கென்று எடுத்துவந்த பியரில் நாலு கேனை உடைத்து, செம்மண்ணில் ஊற்றிப் பிசைந்து, மூச்சிரைக்கப் பூசினாள்.

முதலில் வந்தது மெர்வின்தான். இறங்கியவன் டயரைப் பார்க்கவில்லை. தரையில் நுரைத்துக்கொண்டிருந்த ஈரத்தையும் பக்கத்தில் கிடந்த காலி கேன்களையும் பார்த்தான், குனிந்து மோந்தான்.

“பியரா?”

“கை தவறிடுச்சு.”

“நாலு கேனும் தவறிச்சா? உன்ன எனக்கு முப்பது வருசமாத் தெரியும் தாயே. நீ ஒரு சொட்டு சிந்தி நான் பாத்ததில்ல.”

தொப்பியைக் கழற்றி டயரைத் துடைத்தான். இந்தப் பக்கம் துடைத்தான், அந்தப் பக்கமும் துடைத்தான். எழுத்து இல்லை.

அவன் சிரிப்பான் என்று ரோண்டா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவன் சிரிக்கவில்லை.

“மூலமா?” என்றான் மெதுவாக.

அவள் தலையாட்டினாள்.

“எனக்கு மூணு வருசமா. அதத்தான் அன்னிக்குச் சொல்ல வந்தேன்.”

ரோண்டாவுக்கு அறை வாங்கியது போல் இருந்தது. தன் வண்டிப் பின்னாலிருந்து அந்த ஒற்றை லைட் டிரக் டயரைக் கழற்றி உருட்டிவந்து மாட்டினான் மெர்வின். போல்ட்டை முடுக்கிவிட்டு, மிச்சமிருந்த சேற்றைக் கையில் அள்ளினான்.

“மத்த மூணுக்கும் நான் இன்னொரு பூச்சு பூசிவிடறேன். நான் பாக்கல, நீ சொல்லல.”

“வேண்டாம்யா, கீழ போடு.”

தூரத்தில் புழுதி எழும்பியது. நாலு வண்டி, ஐந்து வண்டி. ரோண்டா அவன் தொப்பியைப் பிடுங்கி, மற்ற மூன்று டயர்களையும் பளிச்சென்று துடைத்தாள். வண்டிக் கதவு திறந்துதான் இருந்தது, ஆனால் அவள் ஏறிக் கிளம்பவில்லை. சாலை நடுவில் போய் நின்று, வரும் வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தினாள்.

“எல்லாரும் எறங்குங்க. இவன அன்னிக்குப் பாத்துச் சிரிச்சீங்கல்ல? இன்னிக்கு என்னப் பாத்துச் சிரிங்க.”