பெரியப்பாவின் வெந்நீர்

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை அலுவலகத்தில், என் மேஜைமேல் ஒரு பழைய ஃபிளாஸ்க் இருக்கிறது. பச்சைப் பெயின்ட் உரிந்து, மூடி ஒரு பக்கம் நசுங்கிப்போனது. புதிதாக வேலைக்குச் சேருகிற பெண்கள் "இது எந்தக் காலத்து சாமான் மேடம்?" என்று கிண்டல் செய்வார்கள். எங்கள் பெரியப்பாவுடையது என்று சொல்லிவிட்டு ஒரு மூடி வெந்நீர் ஊற்றிக் குடிப்பேன். அதற்குமேல் அவர்களிடம் சொன்னதில்லை. சொன்னால் எனக்கு மத்தியானச் சோறு இறங்காது.

பெரியப்பா திருப்பதியில் ஒரு பெருமாள் கோவிலில் பாசுரம் ஓதும், எங்கள் வழக்கில் சேவிக்கும், கோஷ்டியில் இருந்தார். நான் கல்லூரியில் படித்ததெல்லாம் அவர் வீட்டில் தங்கித்தான். சேவித்து முடிந்ததும் வரிசையாக நிற்பவர்கள் உள்ளங்கையில் அர்ச்சகர் தீர்த்தம் சாதிப்பார். யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து என்பது பரம்பரை மரியாதை. முதல் தீர்த்தம் எங்கள் குடும்பத்துக்கு. அந்த இடத்துக்காக என் கொள்ளுத்தாத்தா கோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறார். ஒரு கரண்டித் தண்ணீருக்கா இத்தனை ரகளை என்று நான் கேட்டால், பெரியப்பா சிரித்துக்கொண்டே, "நோக்குப் புரியாது, போ" என்பார்.

கம்ப்யூட்டர் படித்த பையன்களை அமெரிக்கா அள்ளிக்கொண்டு போன காலம் அது. அவருடைய ஒரே பிள்ளை, எங்கள் அண்ணா, போன கொஞ்ச நாளிலேயே பெரியப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாயின. நான் தருகிறேன் என்று அண்ணா போனில் அழுதான். "பொழைக்கப் போன பையன் உடம்புல கை வெக்கப்படாது" என்று பெரியப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். கடைசியில் பெரியம்மாவுடையது பொருந்தியது. அவள் யோசிக்கக்கூட இல்லை. ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிற மாதிரிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மாற்றி வைத்த சிறுநீரகத்தை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க மாத்திரை. அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே குறைத்துவிடும் என்பதால் எது பட்டாலும் ஆபத்து. கூட்டம் கூடாது, பச்சையாக எதுவும் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், ஆனால் காய்ச்சிய தண்ணீர் மட்டும்தான் என்றார் டாக்டர். பெரியம்மா விடிந்ததும் அடுப்பில் தண்ணீரைத்தான் ஏற்றுவாள். அண்ணா அனுப்பிய இந்த ஃபிளாஸ்கில் ஊற்றி அவர் கையில் கொடுப்பாள். கோவில் வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்ளும் சத்தியவேட்டுப் பக்கத்து அம்மாவிடம் அதை வைத்துவிட்டுப் போவார். "நீ போய் சேவிச்சிட்டு வா சாமி, உன் வெந்நீர நான் பாத்துக்கினு கீறேன்" என்பாள் அவள்.

தண்ணீருக்கு வழி கண்டாயிற்று, தீர்த்தத்துக்கு என்ன செய்வது? அது காய்ச்சாத தண்ணீர், பலர் கை பட்டது. வரிசையில் நிற்காவிட்டால் மரியாதை அடுத்தவருக்குப் போய்விடும், தனக்குப் பிறகு வந்து நிற்கப் பிள்ளையும் ஊரில் இல்லை. பெரியப்பா ஒரு தந்திரம் செய்தார். தீர்த்தத்தை வாங்கி, குனிந்து, உதட்டருகே கொண்டுபோய், குடிக்காமல் அப்படியே தலையில் தடவிக்கொள்வார். வீட்டுக்கு வரும்போது உச்சந்தலை ஈரமாக இருக்கும். "தினம் அவனை ஏமாத்திண்டிருக்கேன்" என்று பெருமாளைச் சொல்லி, தலையைத் துவட்டக்கூட விடமாட்டார்.

அடுத்த இடத்துக்காரர் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டார். "ஸ்வாமிக்குத் தீர்த்தமெல்லாம் தலைக்குத்தான் போலிருக்கு. உள்ளே போகாத தீர்த்தத்துக்கு முதல் இடம் எதுக்கு?" என்று கோஷ்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். சண்டை வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்களாம். பெரியப்பாவோ மறுநாள் வரிசையின் கோடியில் போய் நின்றார், தன் முறை வருவதற்குள் மெல்ல வெளியேறி வந்தார். வீட்டில் வந்து, "உன்னோட சாமானை உடம்புல வெச்சிண்டு அவா கிட்ட வீம்பு பண்ண முடியுமா?" என்று பெரியம்மாவிடம் சொன்னார். அன்றைக்கு அவள் அழுததை நான் பார்த்தேன். எனக்கு வந்தது கோபம்தான், இன்றைக்கும் தீரவில்லை.

இவ்வளவையும் விட்டுக்கொடுத்த மனிதருக்கு அந்தச் சிறுநீரகம் நிலைத்திருக்க வேண்டாமா? ஒரு வேளை மாத்திரை தவறியதில்லை. கல்யாணம் காரியம் எதற்கும் போனதில்லை. ஆனாலும் சில வருஷங்களில் ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் கெட்டால் கூடும் கிரியேட்டினின் ஏறத் தொடங்கியது, இறங்கவே இல்லை. உங்கள் பக்கம் ஒரு தப்பும் இல்லை, சிலருக்கு இப்படி ஆகிவிடுகிறது என்றார் டாக்டர். அது ஆறுதலாம். தப்பு செய்திருந்தால் திருத்திக்கொள்ளவாவது இருந்திருக்கும். பெரியம்மா மட்டும், "நான் குடுத்தது நன்னா இல்லையோ என்னமோ" என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள்.

மாற்றுவதற்கு முன்பு இருந்த மாதிரி மறுபடியும் டயாலிசிஸ். குடிப்பது வெளியேற வழியில்லாததால் இப்போது எந்தத் தண்ணீரும் கொஞ்சம்தான், நாள் முழுக்கவும் இந்த ஃபிளாஸ்க் மூடியால் அளந்து. இனிக் காப்பாற்றச் சிறுநீரகம் இல்லை என்று பெரியப்பா கோவிலுக்குப் போய், எல்லோருக்கும் பின்னால் நின்று, தீர்த்தத்தை நிஜமாகவே குடித்தார். வீட்டுக்கு வந்து, "ஒரு வாய் ஆயாச்சு" என்று நேர்மையாகக் கணக்குச் சொல்வார். பெரியம்மா மூடியிலிருந்து ஒரு வாய்த் தண்ணீரைத் திரும்பப் பாத்திரத்தில் கொட்டுவாள்.

நடக்க முடியாமல் படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் காலை, தீர்த்தம் வேண்டும் என்று கேட்டார். கைக்கு அகப்பட்டது ஃபிளாஸ்க்தான், எடுத்துக்கொண்டு ஓடினேன். அர்ச்சகர் "இதுலயா?" என்று தயங்கிவிட்டு, நிறையவே ஊற்றினார். வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம் நீட்டினேன். கொஞ்ச நேரத்தில் வீடெல்லாம் பச்சைக் கற்பூர வாசனை. ஓடிப் போய்ப் பார்த்தால், தீர்த்தம் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கிறது. அவர் குடிக்க வேண்டியது எது வந்தாலும் காய்ச்சியே பழகிய கை, இதையும் காய்ச்சிவிட்டது.

"ஏன்னா, தீர்த்தத்தைக் காய்ச்சிட்டேன்" என்றாள் பெரியம்மா, அவரிடம் வந்து.

பெரியப்பா அவளையே பார்த்தார். "இது அப்பவே தோணியிருக்கப்படாதோ நோக்கு?" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார், ஆனால் நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. ஆறும்வரை பொறுக்காமல் உள்ளங்கையை நீட்டி, சூட்டோடு வாங்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். குடித்து முடித்த வெறும் கை, பழக்கத்தில் தலைக்குப் போயிற்று.

அந்த வாரமே போய்விட்டார். முதல் தீர்த்தம் இப்போது அடுத்த இடத்துக்காரர் பிள்ளைக்கு. பெரியம்மா அமெரிக்காவில் அண்ணாவோடு இருக்கிறாள். அங்கே குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிறார்களாம், இவள் மட்டும் விடிந்ததும் தண்ணீரை அடுப்பில் ஏற்றுகிறாளாம். அண்ணா போனில் சலித்துக்கொள்கிறான். யாருக்கு என்று அவளிடம் நான் கேட்டதில்லை. ஃபிளாஸ்கைத் திறந்து ஒரு மூடி ஊற்றிக்கொள்கிறேன்.