சப்பாத்துக்குள் சவர்க்காரம்

அந்தச் சூட்கேஸ் என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருவரும் அதை ஒப்புக்கொண்டதில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னிக்கு வந்தபின் முதல்தடவையாக யாழ்ப்பாணம் போகிறோம் என்று முடிவானதும், அப்பா பரமட்டாவில் ஒரு கடைக்குக் கூட்டிப்போய் எனக்கென்றே அதை வாங்கித் தந்தார். நீல நிறம். பூட்டும் சின்னத் திறப்பும் இருந்தன. எனக்கு ஒன்பது வயது. அங்கிருந்து வரும்போது கைக்குழந்தையாகத்தான் வந்திருக்கிறேன். சொந்தக்காரர்களில் ஒருவர் முகமும் நினைவில்லை. ஆனால் அவர்களுக்குக் காட்ட என்னிடம் நிறைய இருந்தது. காலில் மாட்டி உருண்டோடும் சில்லுப் பூட்டிய சப்பாத்து, நீச்சல் போட்டியில் கிடைத்த ரிப்பன், கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகள், ஒரு காது பிய்ந்த துணிக் கோலாக் கரடி. எல்லாவற்றையும் அடுக்கிப் பூட்டி, திறப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

பயணத்துக்கு முந்தின சனிக்கிழமை அப்பா அந்தத் திறப்பைக் கேட்டார்.

அப்பா பொறியியலாளர். எந்த வேலையையும் சும்மா செய்யத் தெரியாது. வரவேற்பறைக் கம்பளத்தில் பெட்டிகளைத் திறந்து வைத்து, ஒரு வாரமாக வாங்கிச் சேர்த்த சாமான்களைச் சுற்றிப் பரப்பியிருந்தார். பால்மா டின்கள், சவரப் பிளேடுகள், டோர்ச் பற்றரிகள், தையல் ஊசிகள், துணி, வாசனைச் சவர்க்காரம். நீளக் காற்சட்டைகளைப் பெட்டியின் அடியில் விரித்து, கால்களை வெளியே தொங்கவிட்டார். அதன்மேல் டின்களைத் துவாயில் சுற்றி நடுவில் வைத்து, சட்டைகளைப் பாய் சுருட்டுவதுபோல இறுக்கிச் சுருட்டி ஓரங்களில் செருகி, கடைசியில் தொங்கிய கால்களை மடித்து எல்லாவற்றையும் மூடினார். புதுச் சப்பாத்துக்களின் வயிற்றுக்குள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சவர்க்காரக் கட்டிகள் போயின.

"காத்துக்கு ஆரும் டிக்கட் எடுக்கிறேல்லை" என்றார். இடைவெளி எங்கே தெரிந்தாலும் அதைச் சொல்லி ஒரு ஊசிப் பெட்டியைச் செருகுவார்.

பிறகு என்னுடைய பெட்டியைத் திறந்தார். சில்லுச் சப்பாத்து முதலில் வெளியே வந்தது. இரும்பு, பாரம் என்றார். சிப்பிகள் வந்தன; கடல் அங்கேயும் இருக்கிறதாம். கோலாவைக் கையில் எடுத்து ஒருதரம் அமத்திப் பார்த்துவிட்டுக் கதிரையில் வைத்தார். அந்த இடத்தில் இரண்டு பால்மா டின்கள் வந்து உட்கார்ந்தன.

"இட்ஸ் மை கேஸ், அப்பா."

அம்மாகூட எனக்காகப் பேசினார். "இஞ்சருங்கோ, அவளின்ர ஒரு சாமானையாவது வைக்க விடுங்கோவன்."

"வைக்கலாம். எதை எடுத்துப்போட்டு வைக்கிறது எண்டு நீயே சொல்லு" என்றார் அப்பா. அம்மா பால்மா டின்களைப் பார்த்தார். பிறகு சமையலைக் கவனிக்கக் குசினிக்குள் போய்விட்டார்.

அங்கே கடையில் ஒன்றும் இல்லை என்று அப்பா எனக்கு விளக்கினார். ஒன்றுமே இல்லாத கடையை ஏன் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அப்பா இன்னொரு ஊசிப் பெட்டியைச் செருகினார். அந்த வருடங்களில் இலங்கையில் வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோயிருந்ததும், பால்மாவுக்கும் துணிக்கும் வரிசையில் நின்றதும் நான் வளர்ந்தபின் தெரிந்துகொண்டவை. அன்றைக்குத் தெரிந்தது, என் பெட்டியை ஊர்ச் சனத்தின் சவர்க்காரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது மட்டுமே. ஒரே ஆறுதல், என் நல்ல சட்டைகள் மூன்றும் அதற்குள் இருந்தன. பிறந்தநாளுக்கு வாங்கிய, முழங்கால் வரை வரும் மஞ்சள் சட்டையை அப்பா மற்றவற்றைவிடக் கவனமாகச் சுருட்டியிருந்தார்.

அநியாயம் அதோடு முடியவில்லை. ஆளுக்கு இருபது கிலோதான் விடுவார்களாம். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறி நின்று, தன் எடையைக் கழித்துப் பார்த்தார். கூடிப்போன பாரத்தை எங்கள் உடம்பில் ஏற்றினார். வியர்த்து ஊற்றுகிற டிசம்பரில், கம்பளிக் கோட்டு போட்டு, அதன் இரண்டு பைகளிலும் பற்றரிகளோடு விமான நிலையத்தில் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் எனக்குக் காய்ச்சலா என்று கேட்டாள். விமானத்துக்குள் குளிரும் என்று அப்பா நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

யாழ்ப்பாணத்தில் அப்பாவின் தமையனார் வீட்டில் தங்கினோம். போன அன்றே நடு அறையில் பாய் விரித்துப் பெட்டிகளைத் திறந்தார்கள். சனம் கூடிவிட்டது. என்னை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் பெட்டியைத்தான் பார்த்தார்கள். பெரியம்மா ஒரு சவர்க்காரக் கட்டியை மணந்து பார்த்துவிட்டு, குளிக்கிற இடத்துக்குக் கொண்டுபோகாமல் அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவே வைத்தார்.

அப்புறம் அப்பா என் சட்டைகளை விரித்தார். மூன்றையும் எடுத்துப் பெரியம்மாவின் கையில் கொடுத்தார். பெரியம்மா மஞ்சள் சட்டையைத் தன் மகளின் தோளில் வைத்து அளந்தார். அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிடச் சொல்லியிருந்தார்கள்.

"அது என்ர சட்டை" என்றேன். தமிழில்தான் சொன்னேன், எல்லோருக்கும் விளங்கட்டும் என்று.

அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். "உனக்கு அங்க வேற வாங்கலாம்" என்றார் அப்பா, மெதுவாக. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. அக்கா தோளில் கிடந்த சட்டையை எடுத்துப் பாயில் வைத்துவிட்டுப் பின்வாசலால் போய்விட்டாள். அங்கே நின்ற நாட்களில் மற்றப் பிள்ளைகள் என்னை விளையாடக் கூப்பிட்டபோதெல்லாம் அவள் மட்டும் தள்ளியே நின்றாள். அவளுக்கு என்ன கோபம் என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. பறிகொடுத்தவள் நான் அல்லவா?

நாங்கள் புறப்பட்ட நாள், வாசலில் கார் வந்து நின்றபோது பெரியம்மா அவளைக் கூட்டி வந்தார். மஞ்சள் சட்டையைப் போட்டு விட்டிருந்தார். கைக்கிடுக்கில் இறுகி, முழங்காலுக்கு நன்றாக மேலே நின்றது.

"தங்கச்சிக்கு தாங்க்ஸ் சொல்லு பிள்ளை."

அவள் சொல்லவில்லை. பெரியம்மா இன்னொருதரம் சொன்னார், கொஞ்சம் கடுமையாக. அவள் நிலத்தைப் பார்த்தபடி சட்டையைக் கீழே கீழே இழுத்துக்கொண்டு நின்றாள்.

காரில் ஏறியதும் நான் அம்மாவிடம் முறையிட்டேன். என் சட்டையையும் எடுத்துக்கொண்டு, ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை, எவ்வளவு திமிர் பாருங்கள் என்றேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். முன்சீட்டில் இருந்த அப்பாவும் திரும்பவில்லை. ரயில் நிலையம் வரும்வரை நான் பொருமிக்கொண்டே இருந்தேன். என்னைக் கேட்காமல் கொடுத்தார்கள் என்ற கோபத்தில், அவளையும் ஒருவரும் கேட்கவில்லை என்பது எனக்கு எட்டவேயில்லை.