செவலையின் காலில் நீல நூல்

கோழியின் கால் எப்போதும் கொஞ்சம் குளிர்ந்துதான் இருக்கும். வெயிலில் மேய்ந்துவிட்டு வந்த கோழியைப் பிடித்தாலும் இறக்கைக்கடியில் கதகதவென்றிருக்குமே தவிர, கால் மண்பானையைத் தொட்ட மாதிரி சில்லென்றிருக்கும். நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், எங்கள் செவலையைப் பிடித்து மடியில் கவிழ்த்தபோது அதன் வலது கால் சுட்டது. விரல்கள் வீங்கியிருந்தன, நடுவிரல் கறுத்திருந்தது, கால்தண்டைச் சுற்றி வளையமாக ஒரு பள்ளம் விழுந்து, அதற்குள் செதில் வெடித்து நீர் கசிந்துகொண்டிருந்தது. ஏன் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது, வம்பே அதுதான்.

"எங்கள் செவலை" என்று சொல்லிவிட்டேன். அது எங்களுடையதா இல்லையா என்பதுதான் அப்போது தெருவுக்கே பேச்சு.

உறையூரில் எங்கள் வீட்டில் ஒரு தறி இருந்தது. அப்பா நெய்வார், அம்மா ஊடைக்குத் தார் சுற்றுவாள், அதாவது குறுக்கே ஓடும் நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றித் தருவாள். பக்கத்து வீட்டு ஜமீலா அத்தை தையல்காரி. வீட்டுக்காரர் சவுதியில் இருந்ததால் இரண்டு பிள்ளைகளையும் தையல் மிஷினையும் தனியாளாக ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளை அத்தை என்பேன், அவள் என் அம்மாவை அக்கா என்பாள். இரண்டு கொல்லைக்கும் நடுவே இடுப்புயரச் சுவர் ஒன்றுதான். மத்தியானத்தில் அம்மா தார் சுற்ற உட்கார்ந்தால், அத்தை பித்தான் தைக்க வேண்டிய சட்டைகளோடு வந்து எதிரே உட்கார்ந்துகொள்வாள்.

நூல் அறுந்தால் அம்மா என்னைத்தான் கூப்பிடுவாள். அவள் தொட்டியத்தில் வாழைக்காய் வியாபாரி வீட்டுப் பெண். தறியையே கல்யாணத்துக்குப் பிறகுதான் பார்த்தவள். நெசவு முடிச்சு அவளுக்குப் பிடிபடவே இல்லை. அவள் போட்டால் மிளகு பருமனுக்கு நிற்கும், தறியில் மாட்டிக்கொண்டு அறும், அப்பா கத்துவார். நான் போட்டால் கடுகளவுகூட இருக்காது. நுனியை ஒட்ட வெட்டிவிட்டால் முடிச்சு எங்கே என்று தேட வேண்டும், இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது. இதில் எனக்கு ஏகப்பட்ட தலைக்கனம். "பதினாலு வருசமா நெசவுக்காரரோட குடித்தனம் பண்றீங்க, ஒரு நூலை முடியத் தெரியலையேக்கா" என்று அத்தை கேலி செய்வாள். "உனக்கென்ன, மிஷினை மிதிச்சா தானா ஓடுது" என்று அம்மாவும் விடமாட்டாள்.

அந்த வருஷம் அத்தையின் கோழிகள் முட்டையிட்டனவே தவிர ஒன்றுகூட அடைக்கு உட்காரவில்லை. எங்கள் கறுப்பியோ அடைக்குக் கத்திக்கொண்டு திரிந்தது. முட்டை அவளுடையது, கோழி எங்களுடையது, பொரிப்பதில் பாதிப் பாதி. இதற்கு எங்கள் பக்கம் "வாரத்துக்கு விடுவது" என்று பேர். ஒன்பது பொரித்தது, இரண்டைக் காக்கை கொண்டுபோனது. ஆளுக்கு மூன்று எடுத்தது போக மிச்சம் நின்ற ஒற்றைதான் செவலை.

"அடை கிடந்தது எங்க கறுப்பி" என்றாள் அம்மா. "முட்டை என்னுதாச்சேக்கா" என்றாள் அத்தை. முதலில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள்.

எங்கள் தெருவில் கோழிகளுக்கு அடையாளம் காலில் இருக்கும். தறி ஓடும் வீடுகளில் கழிவு நூலுக்கா பஞ்சம், அந்தந்த வீட்டில் எந்த நிறம் மிஞ்சுகிறதோ அதைக் கோழியின் காலில் சுற்றிவிடுவார்கள். "போய் செவலைக்கு நம்ம நூலைக் கட்டிட்டு வா, நல்லா இறுக்கமா" என்றாள் அம்மா. நான் மசிநீல நூலை இரண்டு சுற்று சுற்றி, நெசவு முடிச்சுப் போட்டு, நுனியை வெட்டிவிட்டு வந்தேன். மறுநாள் பார்த்தால் அதன் இடது காலில் அத்தை வீட்டுப் பச்சைத் துணி நாடா, தொளதொளவென்று.

குஞ்சு வளர வளர நூலை அவிழ்த்துத் தளர்த்திக் கட்ட வேண்டும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பங்கு மூன்றுக்கும் அப்படித்தான் செய்தோம். செவலைக்கு மட்டும் செய்யவில்லை. ஒரு நாழிகை நூலில்லாமல் நின்றால்கூட அது அத்தை வீட்டுக் கோழியாகிவிடும் என்று அம்மாவுக்குப் பயம், எனக்கு அதைவிடப் பெரிய வீம்பு. இரண்டு மாதம் கழித்து ஒருநாள் அம்மா பார்க்கிறாள், வலது காலில் நூலைக் காணோம், பச்சை நாடா மட்டும் ஆடுகிறது.

"நூலை அறுத்து எறிஞ்சிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கா பாரு" என்று சுவருக்கு இந்தப் பக்கம் அம்மா சொல்ல, "அல்லா மேல ஆணையா நான் தொடலக்கா" என்று அந்தப் பக்கம் அத்தை சொல்ல, அம்மா "தொடாமதான் காணாமப் போச்சாக்கும்" என்றுவிட்டாள். அன்றோடு அத்தை மத்தியானத்தில் சட்டைகளைத் தூக்கிக்கொண்டு வருவதை நிறுத்திவிட்டாள். அம்மா தனியாகத் தார் சுற்றினாள். எரிச்சலில் நூல் அடிக்கடி அறுந்தது. எனக்குப் பள்ளிக்கூடத்துப் பாவாடை பாதி தைத்தபடி அத்தை வீட்டில் கிடந்தது, கேட்கப் பயமாக இருந்தது. செவலை நொண்ட ஆரம்பித்ததும் அம்மா, "முள்ளு குத்தியிருக்கும், அவ கோழிதானே, அவளே பார்க்கட்டும்" என்றாள். அத்தையும் தொட்டால் பழி வரும் என்று தொடவில்லை.

அந்தச் சனிக்கிழமைதான் அதன் கால் என் மடியில் சுட்டது. நீல நூல் எங்கும் போகவில்லை, நான் கட்டிய இடத்திலேயே இருந்தது. கால் பருத்து, சதை நூலை மூடியிருந்தது. கோழி எங்களுடையது என்பதற்கான சாட்சி அந்தப் புண்ணுக்குள் இருந்தது. அதை வெளியே எடுத்தால் கோழியை நொண்டியாக்கியது யார் என்பதும் கூடவே வெளியே வரும். வாயை மூடிக்கொண்டிருந்தால் கால் அழுகிவிடும். அம்மாவிடம் போகத் தைரியமில்லை. பிசிர் வெட்டும் சின்னக் கத்தரி அத்தையிடம்தான் இருந்தது. செவலையைத் தாவணித் துண்டில் சுற்றி, தெருவழியாகப் போய் அத்தை வாசலில் நின்றேன்.

அத்தை கோழியின் காலைப் பார்த்ததும் வெந்நீர் வைத்தாள். கல்லுப்பு போட்டு, கை பொறுக்கும் சூட்டில் அலுமினியச் சட்டியில் ஊற்றி, அதில் காலை அமுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். முதலில் உதறிய செவலை, கண்ணை நான் துணியால் மூடியதும் அடங்கிவிட்டது. பொருக்கு ஊறி வெளுத்த பிறகு, தையல் ஊசியை நெருப்பில் காட்டி, பள்ளத்துக்குள் விட்டு மெதுவாக நெம்பினாள். நூல் தெரிந்தது. கத்தரி நுனியை அதனடியில் கொடுத்து ஒரே வெட்டு. இழுக்கும்போது ரத்தம் வந்தது, செவலை ஒரே ஒரு தடவை கத்தியது, நான்தான் அழுதேன்.

வெட்டிய நூலை அத்தை உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். முடிச்சு குலையாமல் அப்படியே இருந்தது.

"யாரு புள்ள இதைக் கட்டினது?"

"அம்மா" என்றேன்.

அத்தை இன்னொரு தடவை நூலைப் பார்த்தாள். பிறகு அடுப்பில் போட்டுவிட்டாள். "சரி. இது நமக்குள்ள இருக்கட்டும். நான் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டேன், நீயும் அழாத" என்றாள்.

மஞ்சள்தூளை வேப்பெண்ணெயில் குழைத்துச் சூடுபண்ணி, ஆறவிட்டுத் தடவினோம். பச்சை நாடாவையும் அவிழ்த்துவிட்டு, பழைய வேட்டித் துணியால் இறுக்காமல் கட்டினாள். புண்ணைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தும் என்பதால் செவலையை அத்தை கொல்லையில் தனியாக ஒரு பஞ்சாரக் கூடையில் கவிழ்த்து, அடியில் காய்ந்த மணல் பரப்பி வைத்தோம். பத்து நாள் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போய்க் கட்டைப் பிரித்து, கழுவி, மருந்து போட்டேன். வீக்கம் நாலாம் நாளே வற்றியது, காலில் பழைய குளிர்ச்சி திரும்பியது. கறுத்த நடுவிரல் மட்டும் சுள்ளியாகக் காய்ந்து ஒருநாள் மணலில் கிடந்தது.

நூல் உள்ளேயே இருந்தது என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. தொட்டியத்திலிருந்து வந்திருந்த பூவன் வாழைத்தாரில் இரண்டு சீப்பை அறுத்து எடுத்துக்கொண்டு சுவரோரம் போய், "ஜமீலா, நான் பேசினது தப்பு, கோழியை நீயே வெச்சுக்க" என்றாள். "ஐயே, உங்க கறுப்பி பொரிச்சதுக்கா, நீங்களே வெச்சுக்கங்க" என்றாள் அத்தை. முன்பு எனக்கு எனக்கு என்றவர்கள் இப்போது உனக்கு உனக்கு என்று அரை மணி நேரம் பேசினார்கள். செவலை இரண்டு கொல்லையிலும் முட்டையிட்டது. அதற்கப்புறம் அதற்கு நூலே கட்டவில்லை. ஒரு விரலில்லாத கோழிக்கு வேறு அடையாளம் எதற்கு.

எனக்குத்தான் நிம்மதி போயிற்று. இரண்டு பேரும் சேர்ந்து உட்காரும்போதெல்லாம், அத்தை இப்போது கேட்டுவிடுவாளோ என்று ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து போய்விடுவேன். அவள் கேட்கவே இல்லை. அம்மாதான் வன்மத்தில் இறுக்கிக் கட்டினாள் என்று நம்பியும் அவளோடு முன்போலவே சிரித்துப் பேசுகிறாளே என்று நினைக்க நினைக்க எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

இப்போது நாங்கள் காட்டூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம், அம்மா என்னோடுதான். உறையூர் வீட்டில் தறிக்குழி இருந்த இடத்தில் குடியிருப்பவர்கள் பைக் நிறுத்துகிறார்கள். கடையில் வாங்கும் கோழிக்குக் காலே இருப்பதில்லை, வெட்டிவிட்டுத்தான் கவரில் போடுகிறார்கள். ஜமீலா அத்தை இறந்து இரண்டு வருஷமாகிறது.

போன வாரம் என் மகள் தலைமுடி ரப்பரை மணிக்கட்டில் மாட்டியபடியே தூங்கிவிட்டு வந்தாள். கை சிவந்து தடம் விழுந்திருந்தது. கத்தரியை எடுத்து ஒரே வெட்டாக வெட்டி, அவளையும் கண்டபடி திட்டினேன். "ஒரு ரப்பருக்கு ஏன்டி இப்படிப் பதறுற?" என்றாள் அம்மா. என்ன தோன்றியதோ, அப்படியே உட்கார்ந்து அத்தனையும் சொல்லிவிட்டேன், அத்தையிடம் அவள் பெயரைச் சொன்னது உட்பட.

அம்மாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"நான் கட்டினேன்னு ஜமீலாகிட்டயா சொன்ன? எனக்கு அந்த முடிச்சு என்னைக்குடி போட வந்துச்சு? அதுக்கே என்னைக் கேலி பண்ணிப் பண்ணிச் சிரிச்சவளாச்சே அவ."

அத்தை யாரைக் காப்பாற்ற அந்த நூலை அடுப்பில் போட்டாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கத்தரி கையிலேயே இருந்தது. நான் அழுதேன், அம்மா தடுக்கவில்லை.