சத்தமில்லாமல் ஓடிய பாட்டு

எங்கள் குடும்பத்தில் பாடத் தெரிந்தவர் சித்தி ஒருவர்தான். அதை ஒத்துக்கொள்ளத்தான் எங்களுக்குப் பல வருடங்கள் பிடித்தன. காரணம், அவர் பாடியது சோல் என்கிற கறுப்பின அமெரிக்க இசை. அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்து, நெஞ்சில் இருப்பதையெல்லாம் கொட்டிப் பாடுகிற பாட்டு அது. எங்கள் வீட்டில் அதற்குக் 'குளறுறது', அதாவது ஓலமிட்டு அழுவது, என்று பெயர். சித்தி கோப்பன்ஹேகனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். அவர் பாடினால்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்த டேனிஷ்காரக் கிழவர் ஒருவர் அங்கே இருந்தாராம். அந்தக் கிழவருக்கு எங்களைவிட நல்ல காது.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது சித்தியின் முதல் பாட்டு வெளியானது. ஆங்கிலப் பாட்டு, வரிகளும் அவருடையவைதான். வெளியிட்டது ஒரு சின்னக் கம்பனி. முதல் வாரத்தில் எத்தனை பேர் இணையத்தில் கேட்கிறார்கள் என்று பார்த்துத்தான் இரண்டாவது பாட்டைப் பற்றி யோசிப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

இதைக் கேள்விப்பட்டதும் மாமா பொறுப்பை எடுத்துக்கொண்டார். அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்த அண்ணன் அவர். 'குளறுறது' என்று பெயர் வைத்தவரும் அவரே. ஆனாலும் எங்கள் வீட்டுப் பிள்ளை தோற்பதா? ஹ்விடோவ்ரேயிலிருந்து டென்மார்க்கின் மறுகோடியில் இருக்கிற எஸ்பியர்க் வரைக்கும் சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் போட்டார்.

"இரவு பகலா ஓடவேணும். ஒருத்தரும் நிப்பாட்டக்கூடாது. சத்தம் வேண்டாம், ஓடினாப் போதும்."

சத்தம் இல்லாதது எல்லோருக்கும் வசதியாகவே இருந்தது. அப்பா இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்குவார். அம்மாவுக்குத் தொலைக்காட்சித் தொடர். எங்கள் டேப்லெட்டை மாமா சாமியறையில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தார். அம்மா அதற்கும் ஒரு பூ வைத்தார். பாட்டு நின்றுவிட்டதா என்று பார்ப்பது என் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கால் கழுவிக்கொண்டு போய்ப் பார்ப்பேன். சித்தியின் படத்துக்குக் கீழே அந்தச் சின்னக் கோடு நகர்ந்துகொண்டிருக்கும். எனக்குப் பெருமை தாங்காது.

வாரம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமா கேக் வாங்கி வைத்துக் காத்திருந்தார். சித்தி ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் கம்பனி சொன்னதை அப்படியே சொன்னார். குறிப்பிட்ட சில போன்களில் மட்டும் இடைவிடாமல் ஓடியதால், அவ்வளவும் கள்ளக் கணக்கு என்று இணையத்தளக்காரர் தள்ளிவிட்டார்களாம். புதுப்பாட்டுப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டார்களாம். உண்மையாகக் கேட்டவர்கள் என்று மிஞ்சியது கொஞ்சப் பேர்தான். இரண்டாவது பாட்டு கிடையாது.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கடை ஆக்கள் கேட்டா அது கணக்கில்லையோ?"

"கேட்டாக் கணக்குத்தான் அண்ணை," என்றார் சித்தி. "கேட்டனீங்களோ?"

மாமா கேக்கைப் பார்த்தார். அம்மா தேத்தண்ணி போட எழும்பிப் போனார். சித்தியின் கண் கலங்கியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் கேட்டனான் சித்தி. நல்ல வடிவான பாட்டு."

"எந்த இடம் பிடிச்சது?"

சித்தி எதைப் பாடினாலும் கடைசியில் வீடு அதிரத்தான் முடிப்பார். அந்தத் தைரியத்தில் சொன்னேன். "முடியேக்கை நீங்கள் உச்சத்திலை பாடுறது."

சித்தி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இழுத்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். "ஓம் செல்லம். எனக்கும் அந்த இடந்தான் பிடிக்கும்." ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, மாமாவிடம் கேக் வெட்டித் தரச் சொன்னார். இரண்டு துண்டு சாப்பிட்டார்.

அடுத்த பாட்டு வர நாலு வருடமானது. அந்த நாலு வருடமும் முதியோர் இல்லத்திலும், கூப்பிட்ட சின்னச் சின்ன மேடைகளிலும் அவர் பாடிக்கொண்டேதான் இருந்தார். அப்படி ஒரு குரலையும் அப்படி ஒரு பிடிவாதத்தையும் நான் வேறு எவரிடமும் கண்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் போனபிறகு சாமியறைக்குப் போய், சத்தத்தைக் கூட்டி, அந்தப் பாட்டை முதல்முறையாகக் கேட்டேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உச்சம் இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன். கடைசியில் சித்தி பாடவே இல்லை. குரல் மெல்ல இறங்கி நின்றுவிட, பியானோ மட்டும் தனியாகக் கொஞ்சத் தூரம் போய் ஓய்ந்தது.

பாவம் சித்தி, கவலையில் தன்னுடைய பாட்டையே மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பெரிய மனது பண்ணி, அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.