ஹெரன் அரங்கில் ஆள் வருகிற கதிரைகள்

முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, தர்ஷினி அக்கா என்னை ஒரு பழைய நாடக அரங்கின் நடுவில் நிறுத்தி மேலே பார்க்கச் சொன்னார். கூரையில் பொன்பூச்சு அங்கங்கே உரிந்திருந்தது. உரிந்த இடங்கள் மேகங்கள் போலவும் உரியாத இடங்கள் வானம் போலவும் தெரிந்தன.

"வடிவாப் பார். உந்தக் கட்டடத்துக்கு உண்மையான சரித்திரம் ஒண்டு இருக்கு. அது எங்களுக்கு வேண்டாம். வேற ஒண்டு வேணும். அதை நீ எழுது" என்றார்.

தர்ஷினி அக்கா எங்கள் தொலைக்காட்சித் தொடரின் ஸ்கிரிப்ற் கோஓடினேற்றர், கதையில் முன்னுக்குப்பின் முரண் வராமல் பார்ப்பவர். அது காலப்பயணக் கதை. ரொறன்ரோ நகரின் நடுவில், வாயு விளக்குக் காலத்தில் கட்டப்பட்ட அந்த அரங்கைத் தொடருக்காக வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கதைக்குள் அதன் பெயர் ஹெரன். எல்லாக் காலத்துப் பயணிகளும் வந்து இறங்கும் துறைமுகம் அது. அந்த ஹெரனின் கற்பனை வரலாற்றை எழுதிக் காப்பதுதான் என் வேலை. ஓர் எபிசோட்டில் எரிந்த படிக்கட்டு, அடுத்த எபிசோட்டில் காரணமில்லாமல் முளைத்துவிடக்கூடாது.

எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். நகரின் கிழக்கே ஸ்காபரோவின் வோபர்னில், எங்கள் அப்பார்ட்மென்ற் குசினியில் அப்பா விசாரித்தார்:

"வரலாறு படிச்சவனுக்கு நடக்காததை எழுதுற வேலையோ?"

"ஓம் அப்பா."

"நடந்ததை எழுதினாச் சம்பளம் தரமாட்டினமோ?"

"குறைவு."

பேக்கரி ஃபாக்ரறியில் இருந்து வந்த களைப்போடு அப்பா தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தார். "அப்ப நடக்காததையே வடிவா எழுது" என்றார்.

பைபிள்

ஒரு தொடரின் எல்லா உண்மைகளும் எழுதப்பட்ட கோப்பை எங்கள் தொழிலில் பைபிள் என்பார்கள். "மகன் பைபிள் எழுதுகிறான்" என்று அம்மா மாதா கோயிலில் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சுவாமி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஹெரனைக் கட்டியவர் ஒரு கப்பல் தச்சர் என்று எழுதினேன். பழைய பாய்க்கப்பல் ஒன்றின் தளத்தைக் கழற்றி மேடை போட்டார். அதனால் ஒன்ராறியோ ஏரியில் காற்று எழும்பினால் அந்தப் பலகைகள் முனகும். அரங்கம் இரண்டு முறை எரிந்தது. இரண்டாவது தீ முதல் தீக்கு முன்பே பிடித்தது, ஏனென்றால் யாரோ ஒருவர் கோட்டுப் பையில் ஒரு கங்கோடு பின்னோக்கிப் போய்விட்டார். வசனம் எடுத்துக்கொடுக்கும் பெண்மணி, இன்னும் எழுதப்படாத நாடகங்களின் வசனங்களையும் எடுத்துக்கொடுப்பார். நடிகர்கள் தாங்கள்தான் மறந்துவிட்டதாக நினைத்து அவற்றைப் பேசிவிடுவார்கள். முன்வாசலில் இன்றைய மழை பெய்துகொண்டிருக்கும்போது பின்வாசலில் வேறொரு நூற்றாண்டின் பனி கொட்டும்.

இவற்றில் பாதிக்கு மேல் திரையில் வரவே வராது. ஆனாலும் எழுத வேண்டும். நடிகை ஒரு தூணைத் தொட்டால், அந்தத் தூணுக்கு என்ன நடந்தது என்று எங்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பது தர்ஷினி அக்காவின் பிடிவாதம்.

பெரும்பாலும் பஸ்ஸிலேயே எழுதினேன். ஸ்காபரோ பஸ்ஸின் கண்ணாடியில் மூச்சுப் படிந்து வெளியே விளக்குகள் கரையும்போது, முன் இருக்கையில் கம்பளித் தொப்பியோடு இருக்கும் கிழவர் எந்தக் காலத்தில் ஏறியவர் என்று சந்தேகம் வரும். அவர் எங்கே இறங்குகிறார் என்று பார்க்கப்போய் என் தரிப்பைத் தவறவிட்டிருக்கிறேன். நடந்து திரும்பும்போது பிளாசாக் கடைகளின் பெயர்ப்பலகைகள்கூட யாரோ எழுதிவைத்த செற் போலத் தெரியும்.

தலைமை எழுத்தாளர் மேகன், பயணிகள் எப்படி வந்து இறங்குகிறார்கள் என்பதற்கு ஒரு விதி கேட்டார். நான் எழுதிக் கொடுத்தேன்: நாடகம் நடந்துகொண்டிருக்க வேண்டும். அரங்கம் இருட்டாக இருக்க வேண்டும். பயணி வெறும் கதிரை ஒன்றில்தான் வந்து இறங்கலாம். நிறைந்த அரங்கில் யாரும் இறங்க முடியாது.

மேகனுக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது. எனக்கும்தான்.

என் விதி

சீசனின் கடைசி எபிசோட் எழுதப்பட்டு வந்தது. நோரா என்பவள்தான் எங்கள் கதாநாயகி. ஹெரனில் ரிக்கற் கிழிப்பவள். ஒரு குழந்தையைக் காப்பாற்ற வேறு காலத்துக்குப் போயிருக்கிறாள். ஹெரனின் கடைசி நாடகத்தைப் பார்க்க எல்லாக் காலத்து மக்களும் வந்து கூடுகிறார்கள். ஒரு கதிரையும் மிச்சமில்லை. நோரா இறங்க இடமில்லாமல் காலங்களுக்கு நடுவில் நின்றுவிடுகிறாள். திரை விழுகிறது. அரங்கம் என்றைக்குமாக மூடப்படுகிறது. அடுத்த சீசன் முழுக்க ஒரு கப்பலில் நடக்கும்.

ஹெரன் இல்லையென்றால் அதற்கு வரலாறு எழுதுகிறவன் எதற்கு? என் ஒப்பந்தம் சீசனோடு முடிகிறது என்று தர்ஷினி அக்கா லிஃப்ற்றில் வைத்துச் சொன்னார்.

"உன்ர ரூலைத்தான் எடுத்திருக்கினம். லொஜிக் பிழையில்லை. அதுதான் வில்லங்கம்."

"மாத்தச் சொல்லிக் கேக்கலாமோ அக்கா?"

"கேக்கலாம். கதைக்குள்ள ஒரு காரணம் கொண்டு வா. உனக்கு வேலை வேணும் எண்டது கதைக்குக் காரணமில்லை."

சில நாட்கள் காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. வேலை போவது ஒரு கவலை. நோரா இன்னொரு கவலை. இருட்டில் எங்கேயோ நின்று, கதிரை கதிரையாகப் பார்த்து, எல்லாவற்றிலும் ஆள் இருப்பதைக் காண்பவள். இல்லாத ஒருத்திக்காக இப்படி நெஞ்சு கனக்கும் என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஆள் வருது

கடைசிக் காட்சிக்குப் பெருங்கூட்டம் தேவைப்பட்டது. "எல்லாக் காலத்து ஆக்கள் எண்டா எங்கட ஆக்களும் வரத்தானே வேணும்" என்று தர்ஷினி அக்கா ஸ்காபரோவில் சொல்லிவைத்து எக்ஸ்ராஸ் திரட்டினார். காலையில் பஸ்களில் வந்து இறங்கினார்கள். உடைப்பிரிவு சிலருக்கு விக்ரோறியா காலத்துக் கனத்த கோட், சிலருக்கு இறகு வைத்த தொப்பி, சிலருக்கு எதிர்காலத்தின் வெள்ளி நிறச் சட்டை என்று கொடுத்தது. சில அன்ரிமார் தங்கள் பட்டுச்சேலையை மாற்ற மறுத்துவிட்டார்கள். எந்தக் காலத்துக்கும் பொருந்தும் என்றார்கள். அதை யாராலும் மறுக்க முடியவில்லை.

விளக்குகள் சரிசெய்யப்பட்டபோது உதவி இயக்குநர் பிறையன் மொனிற்றரைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். ஆட்கள் போதிய அளவு வந்திருந்தார்கள். ஆனால் எங்கு பார்த்தாலும் இடையிடையே வெறும் கதிரை. ஒவ்வொன்றிலும் ஒரு கோட், ஒரு ஹான்ட்பாக், ஒரு சால்வை. கூட்டத்துக்கும் கலியாணத்துக்கும் அரங்கேற்றத்துக்கும் போனால் எங்கள் சனம் செய்வதை இங்கேயும் செய்திருந்தார்கள். இடம் பிடித்திருந்தார்கள்.

"தமிழில் சொல்லி எடுக்கவை. நிறைந்த அரங்கம் வேண்டும்" என்று பிறையன் என்னை அனுப்பினார்.

முன் பகுதியில் றீற்றா அன்ரி என்று ஒருவர் இருந்தார். விளக்குச் சூட்டில் உடைப்பிரிவு கொடுத்த கோட்டைக் கழற்றிப் பக்கத்துக் கதிரையில் விரித்திருந்தார்.

"அன்ரி, உந்தக் கோட்டை எடுத்துப்போட்டுக் கிட்ட இருங்கோ."

"உதில ஆள் வருது தம்பி."

"ஆர் வருகினம்?"

"என்ர மனுசன். கார் விடப் போனவர்."

"அவர் எக்ஸ்ரா லிஸ்ற்றில இல்லையே அன்ரி."

"லிஸ்ற்றில இல்லாட்டி வரமாட்டாரோ? உங்கட பஸ்ஸை நம்பாமல் தன்ர காரில வெளிக்கிட்டவர். டவுன்ரவுனில பார்க்கிங் கிடைக்க வேண்டாமோ?"

பின்வரிசையில் இருந்து ஓர் அன்ரி எட்டிப் பார்த்தார். "றீற்றா, உன்ர மனுசன் போன கிழமைக் கலியாணத்துக்கு விட்ட காரை இன்னும் தேடுறாராம்."

வரிசை முழுவதும் சிரித்தது. றீற்றா அன்ரி அசையவில்லை. "சிரியுங்கோ, சிரியுங்கோ. வந்து நிண்டு இடமில்லாமல் முழிக்கிறது அந்த மனுசன்தானே" என்றார்.

நான் மற்ற வரிசைகளுக்கும் போனேன். மில்லிக்கனில் இருந்து தங்கச்சி வருகிறாளாம். வேலை முடிந்து சிநேகிதி வருகிறாளாம். வெள்ளி நிறச் சட்டை போட்ட ஒரு பெடியன், "My mom put it there, I'm not touching that" என்று, அம்மா வைத்ததைத் தான் தொடமாட்டேன் எனக் கையை உயர்த்திவிட்டான்.

திரும்பி மேடையடியில் நின்று பார்த்தேன். அரைவெளிச்சத்தில் எல்லாக் காலத்து மக்களும் அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே எல்லாக் காலத்துக் கோட்டுகளும், ஆள் வடிவிலேயே, தோள் சரிந்து, தாங்களும் நாடகம் பார்க்க வந்தவைபோல இருந்தன. ஏரிக்காற்று வெளியே எழும்பியிருக்க வேண்டும், அல்லது நான் எழுதியதால் எனக்குக் கேட்டிருக்க வேண்டும். மேடைப் பலகை மெல்ல முனகியது.

நான் பிறையனிடம் போகவில்லை. மொனிற்றருக்குப் பக்கத்தில் நின்ற மேகனிடம் போனேன். என்னைப்போல ஒருவன் படப்பிடிப்பு நடுவில் தலைமை எழுத்தாளரிடம் நேரே போவது வழக்கமில்லை.

"இவர்கள் கதிரையை எடுக்கமாட்டார்கள்" என்றேன். "துணி போட்ட கதிரை வெறும் கதிரை இல்லை, நிறைந்த கதிரையும் இல்லை. வழியில் இருக்கிற ஒருவருடையது. அவர் கடைசிவரை வராவிட்டாலும் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்."

பிறையன் நேரம் போகிறது என்றார். மேகன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதை எங்கள் பேச்சில் தருகிறேன்.

"அப்ப நோரா?"

"அவளுக்கும் யாராவது ஒருவர் இடம் பிடித்திருப்பார்கள். அவளுக்கு மட்டும் அது வெறும் கதிரை. என் விதி அப்படியே இருக்கட்டும். இவர்கள் இருக்கும்வரை இந்த அரங்கம் நிறையாது. இன்னும் ஆள் வர இருக்கிற, நிறையாத அரங்கத்தை மூட முடியாது."

மேகன் மொனிற்றரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நோராவாக நடித்தவரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். கமெராவை முன்பகுதிக்குத் திருப்பச் சொன்னார்.

அரங்கம் இருண்டது. மேடையில் நாடகம் நடந்தது. வரிசையின் நுனியில், இன்னும் எந்தக் காலத்திலும் இறங்காதவளாக, கிழிந்த சட்டையோடு நோரா நின்றாள். ஒவ்வொரு கதிரையாகப் பார்த்துக்கொண்டு உள்ளே வந்தாள். றீற்றா அன்ரியின் கோட்டுக்கு முன்னால் தயங்கினாள்.

அன்ரிக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவர் நிமிர்ந்து அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். கோட்டை எடுத்து மடியில் வைத்தார். காலை ஒதுக்கினார்.

"இவ்வளவு நேரமே? இரு பிள்ளை" என்றார்.

நோரா இருந்தாள். இருந்ததும் அழுதாள். அந்த அழுகை ஸ்கிரிப்ற்றில் இல்லை. அப்போது எடுத்த அதே ரேக்தான் ஒளிபரப்பானது, அன்ரியின் குரலோடு.

வேலைக்கு வருகிறவர்களுக்கு

கப்பல் சீசன் தள்ளிப்போனது. ஹெரன் திறந்தே இருக்கிறது. என் ஒப்பந்தம் நீண்டது. படப்பிடிப்பு முடிந்ததும் மேகன், றீற்றா அன்ரி என்ன சொன்னார் என்று கேட்டு, அதை அரங்கின் வரலாற்றில் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

இந்தத் தொழிலுக்கு இப்போது என்னைவிட இளையவர்கள் வருகிறார்கள். நடக்காத வரலாற்றை எழுதுவது லேசு என்று நினைத்து வருகிறார்கள். யார் கட்டினார், எப்போது எரிந்தது, யார் வந்தார் என்பதெல்லாம் ஒழுங்காக எழுதிவிடுகிறார்கள். அவர்களிடம் நான் ஒன்றே ஒன்று கேட்பேன்: இந்த இடத்துக்கு இன்னும் வராதவர் யார்? அதற்குப் பதில் எழுதாமல் கோப்பை மூடவேண்டாம் என்று சொல்வேன். ஒரு கட்டடம் யாருக்காகக் காத்திருக்கிறதோ, அவர்தான் நாளைய எபிசோட்டைக் கொண்டுவருவார்.