காதுள்ள அடுப்பு

மகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கழக்கூட்டத்துல கம்ப்யூட்டர் கம்பெனி" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள் கிருஷ்ணவேணி. பால் காய்ச்சுவதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள் என்பதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? ஆனால் செண்பகவல்லிக்கு வாய்த்த வேலை அதுதான். மின்சார அடுப்பு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றின் சோதனை அறையில் காலையில் உட்கார்ந்தால் சாயந்திரம் வரை பால் காய்ச்சுவாள். பசும்பால், எருமைப்பால், பாக்கெட் பால், தாராளமாகத் தண்ணீர் சேர்த்த பால். எதையும் பொங்க விடக் கூடாது. வீட்டுக்கு வந்தால் பாலைக் கண்ணால் பார்க்கப் பிடிக்காமல் பால் சேர்க்காத கட்டஞ்சாயாதான் குடிப்பாள்.

கம்பெனிக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. அடுப்பு செய்யத் தொடங்குமுன் ஊரெல்லாம் அலைந்து, சமையலறையில் எது பெரிய தொல்லை என்று பெண்களிடம் கேட்டிருந்தார்கள். கண்ணை அந்தப் பக்கம் திருப்பினால் பால் பொங்கி வழிந்துவிடுகிறது என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். சரி, பால் பொங்குவது ஒரு கோளாறு என்று கம்பெனி முடிவு செய்தது. வடிவமைப்பைப் பார்க்கும் ஆதிரா அடுப்பின் கண்ணாடிக்கு அடியில் ஒரு குட்டி மைக்கை வைத்தாள். பால் மேலே எழும்புவதற்குச் சற்று முன் அதன் முணுமுணுப்பு மாறும். அந்த மாற்றத்தைக் கேட்டதும் அடுப்பு அணைந்துவிட வேண்டும். அதற்கான புரோகிராமை எழுதியவன் நெய்யாற்றின்கரை ஸ்ரீஜித். மாற்றம் எந்த நொடியில் வருகிறது என்று அடுப்புக்குச் சொல்லிக் கொடுத்தவள் செண்பகவல்லி. அடுப்பு அணையும்போது பேசுகிற குரலும் அவளுடையதே. இவ்வளவு நல்ல குரலை வெளியில் தேடுவானேன் என்று ஆதிரா அவளையே பேச வைத்துப் பதிந்துகொண்டாள்.

கிருஷ்ணவேணிக்கும் பாலோடு ஒரு பழைய கணக்கு இருந்தது. கோவில்பட்டியில் தாலி கட்டி, கிழக்கேகோட்டை ஓட்டல் ஒன்றில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்த புருஷனோடு இந்த மலையாள ஊருக்கு வந்தவள். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வீடு, கரிமடத்தில் ஒன்று, மணக்காட்டில் இரண்டு என்று வாடகை வீடாகவே மாறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் முதல் நாள் பால் காய்ச்சிப் பொங்கவிட்டுத்தான் பாயை விரிப்பாள். ஒவ்வொரு வீட்டிலும் என்றாவது ஒருநாள் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவார். வாடகை வீட்டில் பொங்கிய பால் வீட்டுக்காரனுக்குத்தான் பலிக்கும் என்று அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். சொந்த வீட்டில் பால் பொங்குவதைப் பார்க்காமலே புருஷன் போய்ச் சேர்ந்தார். தனக்காவது அது கிடைக்க வேண்டும் என்ற ஆசையை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

அந்த ஆசை இந்த வருஷம் கைக்கெட்டியது. செண்பகவல்லியும், விழிஞ்ஞம் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் அவள் கணவன் கோமதிநாயகமும் கழக்கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட் வாங்கினார்கள். புதுக் கட்டடம்; இன்னும் ஒரே ஒரு வீட்டில்தான் ஆள் வந்திருந்தது. குழாய் எரிவாயு வரப்போகிறது என்பதால் சிலிண்டர் வைக்க அனுமதியில்லை. அதனால் என்ன? தன் கையால் வளர்ந்த அடுப்பையே கொண்டுவந்து மேடையில் வைத்து, அதற்குச் சந்தனப் பொட்டும் வைத்தாள் செண்பகவல்லி.

புதுவீடு புகும் பால்காய்ப்பு அன்று வீடு நிறைய ஆட்கள். கோவில்பட்டியிலிருந்து விஜயம் சித்தியும் கூடப் பத்துப் பேரும் வேன் பிடித்து வந்திருந்தார்கள். ஆபீசிலிருந்து கசவுப் புடவையில் ஆதிராவும் வேட்டியில் ஸ்ரீஜித்தும் வந்தார்கள். நல்ல நேரம் முடிய அரைமணிதான் இருந்தது. கிருஷ்ணவேணி புதுப் பாத்திரத்தில் பாலை ஊற்றிக் கும்பிட்டுவிட்டு, மகளை அடுப்பைப் போடச் சொன்னாள். எல்லாரும் சமையலறை வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள்.

பால் சூடேறியது. ஓரத்தில் நுரை கட்டியது. பால் மெல்ல எழும்பியது. சித்தி குலவை போட வாயருகே கையைக் கொண்டுபோனாள். அடுப்பு "டிங்" என்றது. பிறகு பதவிசாகப் பேசியது: "பால் காய்ந்துவிட்டது. பொங்காமல் அடுப்பு நிறுத்தப்பட்டது. நன்றி."

எழும்பிய பால் அப்படியே அடங்கிக் கீழே போனது. அத்தனை பேரும் செண்பகவல்லியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏட்டி, உன் சத்தமால்லா கேக்குது?" என்றாள் கிருஷ்ணவேணி. "நல்ல நாளும் அதுவுமா பொங்காம நிறுத்திட்டேன்னு நீயே சொல்லுத?"

செண்பகவல்லி அவசரமாகப் பாத்திரத்தை நகர்த்திச் சரியாக வைத்தாள். மறுபடி போட்டாள். மறுபடி டிங், மறுபடி நன்றி. பால் குறைவோ என்று கோமதிநாயகம் கழுத்துவரை ஊற்றினான். அடுப்பு அதற்கெல்லாம் மசியவில்லை. அவ்வளவு நன்றாக அதைப் பழக்கியிருந்தாள். பால்கனியில் மூன்று செங்கல்லை வைத்து விறகு மூட்டலாம் என்று அவன் கிளம்ப, புகை கண்டால் கட்டடம் முழுக்க அலாரம் அடிக்கும் என்று காவலாளி ஜெயன் கையெடுத்துக் கும்பிட்டான்.

எதிர் ஃபிளாட் ஸ்ரீலக்ஷ்மி முன்னால் வந்தாள். "அம்மே, எங்க அடுப்பு மேடையில பதிச்சது, இளக்கி வெளியே எடுக்க முடியாது. பாலை அங்கே கொண்டு வாங்க, பொங்கவச்சுக் கொண்டு வரலாம்."

"நீ நல்லா இருக்கணும் மோளே. ஆனா உன் வீட்டுல பொங்குனா உன் வீடுல்லா நிறையும்," என்றாள் கிருஷ்ணவேணி. "ஊரான் வீட்டுல பொங்கவச்சே எனக்கு வயசாயிட்டு."

அதைக் கேட்டபின் செண்பகவல்லிக்குப் பொறுக்கவில்லை. ஸ்ரீஜித்தைச் சமையலறைக்குள் இழுத்தாள். "இந்தக் காதை எப்படியாவது ஆஃப் பண்ணுடே."

"ஆஃப் பண்ண பட்டன் வைக்கலையே சேச்சி. யாருக்கு அது வேண்டும்னு கேட்டது நம்மள்தானே. மாத்தி எழுத லேப்டாப் வேணும், அது வீட்டில்." அவன் தலையைச் சொறிந்தான். "எங்க வீட்டுலயும் பால்காய்ப்புக்குப் பால் பொங்கணும், கேட்டோ. போன வருஷம் எங்க அண்ணன் வீட்டுல நான்தான் ஊதி ஊதி விறகு எரிச்சது. மறுநாள் ஆபீஸ் வந்து இதை எழுதினேன். அண்ணன் வீட்டுப் பால் ஓர்மைக்கே வரலை."

ஆதிராவும் கூரையைப் பார்த்தாள். அவள் வீட்டிலும் அப்படித்தான். அந்த ஆபீசில் பால் பொங்காத வீட்டில் குடிபுகுந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. ஆனால் மேசைக்கு முன் உட்கார்ந்ததும் அத்தனை பேருக்கும் பால் பொங்குவது கோளாறாகிவிட்டது. வேடிக்கையான ஜனங்கள் நாம். செருப்போடு சேர்த்து வீட்டையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறோம்.

அப்போது செண்பகவல்லிக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. சோதனை அறைக்கு வெளியே தரை சுத்தம் செய்யும் மெஷின் ஓடினால் மட்டும் இந்த அடுப்புக்குக் காது அடைத்துப்போகும். பால் வழிந்து மேசையெல்லாம் நாறும். அவள் புகார் எழுதினாள். வீட்டுச் சமையலறையில் அவ்வளவு சத்தம் எங்கே வரப்போகிறது, அப்புறம் பார்க்கலாம் என்று ஒத்திவைத்திருந்தார்கள்.

"ஸ்ரீஜித், அந்த மெஷின் சத்தம்..."

அவன் கண் விரிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் வாசலில் நின்ற பெண்களைப் பார்த்தார்கள்.

"அம்மா, குலவை போடுங்க. எல்லாரும் போடுங்க. நிறுத்தாம," என்றாள் செண்பகவல்லி.

கிருஷ்ணவேணி அசையவில்லை. "பொங்குன பிறகுல்லாட்டி குலவை? பொங்குமுன்ன போட்டா அது என்ன முறை?"

"நாம போட்டாத்தான் இது பொங்கும் அம்மா. அது காதை அடைக்கணும்."

இத்தனை வருஷம் எந்த முறையையும் மாற்றாதவள். மகளைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், அடங்கிக் கிடந்த பாலைப் பார்த்தாள். "சரி, அது பிடிவாதம் பிடிக்குது, நாமதான் கொஞ்சம் எறங்கிப் போவோம்," என்று சொல்லிவிட்டு, அவளே முதலில் நாக்கைச் சுழற்றினாள்.

விஜயம் சித்தி சேர்ந்துகொண்டாள். கோவில்பட்டி வேன் முழுவதும் சேர்ந்துகொண்டது. ஸ்ரீலக்ஷ்மி தன் ஊர் வாய்க்குரவையை எடுத்துவிட்டாள். அது தனிச் சுதியில் கூரையைத் தொட்டது. போடத் தெரியாத ஆதிரா சும்மா கத்தினாள். ஜெயன் படியேறி ஓடிவந்து, ஆபத்து ஒன்றுமில்லை என்று கண்டு, தானும் கை தட்டினான். அடுப்பு பாவம், யார் சொல்வதைக் கேட்கும்? பால் நுரைத்து எழும்பிற்று, விளிம்பில் ஒரு கணம் நின்றது, பிறகு நாலாபக்கமும் பொங்கி வழிந்து, சந்தனப் பொட்டைக் கரைத்துக்கொண்டு மேடையிலிருந்து தரைக்கு இறங்கியது.

கிருஷ்ணவேணி குலவையை நிறுத்தவில்லை. கன்னத்தில் கண்ணீர் ஓட, மூச்சு முட்டும்வரை போட்டாள். பிறகு தரையில் பாலுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து, "நம்ம வீட்டுல பொங்கிட்டுட்டி," என்றாள். செண்பகவல்லி புதுப் புடவை நனைவதைப் பாராமல் அவளோடு உட்கார்ந்து கட்டிக்கொண்டாள். அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் எந்தப் பரிசோதனை தேறியபோதும் வந்ததில்லை. அன்று அவளும் பால் குடித்தாள்.

டம்ளரோடு ஆதிரா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுப்பில் ஒரு பட்டன் வைத்துவிடலாம், அதை அமுக்கினால் பால் பொங்கும் என்றாள். "கூடவே இந்தக் குலவையையும் ரெக்கார்ட் செஞ்சு வச்சிடலாம் அம்மே. பால் பொங்கும்போ அடுப்பே குலவை போடும்."

கிருஷ்ணவேணி யோசிக்கவே இல்லை. "அது மட்டும் வேண்டாம் மோளே. அடுப்பே குலவை போட்டுட்டா, பிறகு ஆளுகளை எதுக்குக் கூப்பிடணும்?"

அந்த அடுப்பு இப்போது கடைகளில் கிடைக்கிறது. 'பொங்கட்டும்' என்ற பட்டன் வலது ஓரத்தில் இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேட்டில் எழுதும் வேலை செண்பகவல்லிக்கு வந்தது. தமிழிலும் மலையாளத்திலும் எழுதினாள். இது அடுப்புக்கான குறிப்பா, கல்யாணப் பத்திரிகையா என்று மேலிடம் கேட்டது, அவள் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் குறிப்பு இப்படித்தான் அச்சாகியிருக்கிறது: பட்டனை அமுக்குமுன் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களைக் கூப்பிடவும்.