பெருக்காத முற்றம்

மகனைத் துபாய்க்கு வழியனுப்பிவிட்டு கே.கே. நகர் வீட்டுக்குத் திரும்பியபோது, வாசலில் கிடந்த வேப்பஞ்சருகின் கசப்பு வாசனையில், பாலக்கரையில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டு நினைவுக்கு வந்தது. அதை இடித்து இப்போது வண்டி நிறுத்துகிறார்கள்.

கடலில்லாத திருச்சிக்கு ஏர்போர்ட்தான் துறைமுகம். அந்தக் காம்பவுண்டின் மூன்று வீடுகளிலிருந்து எங்கள் அத்தாவோ, ராஜம் அக்காவின் கணவரோ, ஸ்டெல்லா டீச்சரின் தம்பியோ, யாராவது ஒருவர் அட்டைப்பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு புறப்பட்டபடியே இருந்தார். போனவர் இறங்கிவிட்டதாக டீச்சர் வீட்டு போனுக்குச் செய்தி வரும்வரை, எங்களுக்குப் பொதுவான முற்றத்தை யாரும் பெருக்கமாட்டார்கள்.

ஒருமுறை அத்தா போய் மூன்று நாளாகியும் போன் வரவில்லை. முற்றத்து வேம்பு உதிர்த்துக்கொண்டே இருந்தது. முதல் நாள் சருகை நொறுக்கிக்கொண்டு குதித்து விளையாடிய நான், மூன்றாம் நாள் சத்தம் வராமல் ஓரமாக நடந்தேன். அம்மா தஸ்பீஹ் மணியை உருட்டியபடி படியிலேயே உட்கார்ந்திருந்தாள். குப்பையைப் பார்த்து முகம் சுளித்த தன் நாத்தனாரிடம் ராஜம் அக்கா, "கெடக்கட்டும், பாய் இன்னும் போன் பண்ணல" என்றார்.

நான்காம் நாள் காலையில் நான் கண் விழித்தபோது பக்கத்தில் அம்மா இல்லை. யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. வெளியே ராஜம் அக்காவின் விளக்குமாறு சரக் சரக்கென்று முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடியும் தூங்கிப்போனேன்.